மாடல் ரிலீஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம்.

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களை எங்கள் குழு படம் எடுத்திருக்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தும் படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்றுவதற்கு முன், படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்று அவர்களிடம் கையெழுத்து வாங்க ஒரு தாள் தயாரிக்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு மாடல் ரிலீஸ் என்று பெயர். தலைப்பில் 'மாதிரி விடுவிப்பு' என்று போட்டோம், யாருக்கும் விளங்கவில்லை. 'உருவ உரிமம்' என்று மாற்றலாமா?

அஸ்தம்பட்டியிலிருந்து

* * *

வணக்கம் தம்பி.

'மாதிரி' வேண்டாம் என்பது சரி. துணி மாதிரி, அரிசி மாதிரி என்றுதான் காதில் விழும். ஆனால் 'உரிமம்' அதைவிடச் சிக்கல். உரிமம் என்பது படைப்பு யாருடையதோ அவர் கொடுப்பது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படம் எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். கல்யாண வீட்டில் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவருக்கு. சொன்ன நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போடுவதும் அந்த உரிமையாளர்தான். உங்கள் படத்தில் நிற்கும் பெண்ணுக்கு அதில் பங்கில்லை. அவரிடம் இருப்பது அந்தரங்க உரிமை. அது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் 'உரிமம்' என்று பெயர் வைத்தால், கையெழுத்துப் போடுகிறவருக்குத் தாம் எதைக் கொடுக்கிறோம் என்றே தெரியாது.

இதில் அடிபட்டவர்கள் உண்டு. விர்ஜின் மொபைல் என்ற செல்பேசிச் சேவையின் ஆஸ்திரேலிய நிறுவனம் 2007-இல் படம் பகிரும் ஃபிளிக்கர் தளத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து விளம்பரத் தட்டியில் போட்டது. படத்தில் இருந்தவர் அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த பதின்ம வயதுப் பெண். படம் எடுத்தவர் வணிகத்துக்கும் இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. குடும்பம் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலிய நிறுவனத்தை விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று டெக்சாஸ் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. 2013-இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் 4.0 பதிப்பு, அந்தரங்க உரிமை இதில் அடங்காது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

'விடுவிப்பு' என்றால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்ட தொனி வருகிறது. எனவே 'இசைவு' என்கிறேன். எதற்கு இசைந்தார் என்ற கேள்வி அந்தச் சொல்லோடு தானாகவே வரும். 'முக இசைவு' போதாது. நம் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் கையை மட்டும் எடுத்தாலும், பச்சை குத்திய பெயரை வைத்துத் தெருக்காரர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே 'உருவ இசைவு'. தாளுக்கு 'உருவ இசைவுத் தாள்'.

குகையிலிருந்து

* * *

ஐயா, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். இசைவு என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதானே நினைப்பார்கள்? 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவைத் திரும்பப் பெற இடம் தருகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையோ திரும்பப் பெற முடியாது. அப்புறம் நாங்கள் பொய் சொன்ன மாதிரி ஆகாதா?

அப்படியே இன்னொன்று: ஆடித் திருவிழாவில் உங்கள் குகைப் பகுதியில் வேடம் கட்டி வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையை எடுத்தால் வேடம் கட்டியவரிடமெல்லாம் தாள் நீட்ட வேண்டுமா?

அஸ்தம்பட்டியிலிருந்து

* * *

தம்பி, முதல் கேள்விதான் முக்கியம். உரிமம் பதிப்புரிமையை மட்டுமே கட்டும், அவருடைய அந்தரங்க உரிமை அப்படியே இருக்கும். ஆனால் நடைமுறையில் நாலு பேர் தரவிறக்கிய படத்தை யார் போய்த் திரும்ப வாங்குவது? அதனால் தலைப்புக்குக் கீழேயே இப்படி எழுதுங்கள்: 'இந்தப் படத்தை உலகில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசுக்கும் விற்கலாம். பிறகு வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நாங்கள் ஏற்றிய தளத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்போம். மற்றவர்களிடம் போன நகலை எங்களால் எடுக்க முடியாது.' படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 'வேண்டாம்' என்று குறிக்க ஒரு கட்டமும் தாளில் இருக்கட்டும். தோட்ட முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள், அங்கே யாரும் மறுக்கமாட்டார்கள். ஏற்றும் முன் படக் கோப்பில் தானாகப் பதிந்திருக்கும் இட விவரத்தையும் நீக்குங்கள்.

வண்டி வேடிக்கையில் வேடம் கட்டி நிற்பவர் ஊர் பார்க்கவே நிற்கிறார். செய்திக்கும் பதிவுக்கும் தாள் கேட்கமாட்டேன், விளம்பரத்துக்கு என்றால் கட்டாயம் கேட்பேன். கூலிக்குப் பழம் பறிப்பவர் யார் பார்க்கவும் அங்கே நிற்கவில்லை.

குகையிலிருந்து