5500 ஃபைலிங் (அமெரிக்கக் கம்பெனிகள் ஊழியர் ஓய்வுக்கால சேமிப்பு பிளான் பத்தி வருஷாவருஷம் அந்த நாட்டு அரசுக்கு அனுப்புற அறிக்கை) வேலையில இருக்கிறவங்க: இன்னும் மனசை உறுத்துற ஒரு ஃபைலைப் பத்திச் சொல்லுங்க

நிலா, பெல்லந்தூர்
ஜூலை 31 கெடு நெருங்கும்போது நம்ம ஃப்ளோர் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். ஒஹையோவுல ஒரு சின்ன மெஷின் ஷாப். 401(கே) பிளான், அதாவது சம்பளத்துல பிடிச்சுப் போடுற ஓய்வுக்கால சேமிப்பு. நூறு பேருக்குக் கீழே, அதனால எஸ்எஃப்ங்கிற சுருக்கமான 5500 ஃபார்ம், ஆடிட் கிடையாது. நமக்கு அப்புறம் அந்தக் கணக்கை யாரும் பார்க்கப் போறதில்லை.

ஒரு மானிட்டர்ல பேரோல் ரெஜிஸ்டர், இன்னொண்ணுல டெபாசிட் லிஸ்ட். மார்ச் சம்பளத்துல பிடிச்ச பணம் மே நடுவுலதான் பிளானுக்குப் போயிருக்கு. சின்ன பிளானுக்கு ஏழு வேலை நாள்தானே கணக்கு? ஒருத்தருக்கு 62 டாலர், அடுத்தவருக்கு 48. எல்லாம் மணிக்கூலி ஆட்கள். பிடிச்ச பணம் பிளானுக்குத் தாமதமாப் போச்சான்னு ஃபார்ம்ல கேக்குற 10ஏ-ல 'ஆம்' போட்டு கிளையன்ட்டுக்கு அனுப்பினேன். போன வருஷம் மாதிரியே 'இல்லை'ன்னு மாத்துங்கன்னு கிளையன்ட்கிட்ட இருந்து மெயில். மாட்டேன்னேன். மேனேஜரும் என் பக்கம்தான் நின்னார். ஃபைலை வேற இடத்துக்குக் கொண்டு போயிட்டாங்க.

5500-ஐ அனுப்புற அரசோட இஃபாஸ்ட் தளத்துல யார் ஃபைலிங்கையும் யாரும் பார்க்கலாமே, அக்டோபர்ல தேடினேன். 10ஏ: இல்லை. அந்தப் பக்கம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

பழைய ரிவ்யூவர், வைட்ஃபீல்ட்
நிலா, கோபம் புரியுது. ஆனா கையெழுத்து பிளான் அட்மினிஸ்ட்ரேட்டரோடது, பெரும்பாலும் அந்த முதலாளியேதான். எழுத்துல சொல்லிட்டா நம்ம எல்லை அங்கே முடிஞ்சுது. ஆடிட்டர் ரிப்போர்ட் இணைக்காமலே பெரிய பிளானை அனுப்பச் சொன்ன ஒரு கிளையன்ட், அமெரிக்கத் தொழிலாளர் துறை நிராகரிச்சதும் எங்க மேல பாய்ஞ்சார். முன்னாடியே அனுப்பின மெயில்தான் காப்பாத்துச்சு.

புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன். தாமத டெபாசிட் கண்ணுல பட்டா முதல்ல இழந்த வருமானத்தை, அதாவது அந்தப் பணம் நேரத்துக்குப் போயிருந்தா சம்பாதிச்சிருக்கிறதைக் கணக்குப் போடுங்க, தொழிலாளர் துறை தளத்துலயே கால்குலேட்டர் இருக்கு. தாமதத்துக்கு ஃபார்ம் 5330-ல 15 சதவீத வரி வரும், ஆனா அது இழந்த வருமானத்து மேலதான், முழுத் தொகை மேல இல்லை. இதைச் சொன்னாலே பாதி கிளையன்ட்டுக்குப் பயம் தெளிஞ்சிடும். 2025 மார்ச் 17-லேர்ந்து அவங்களே திருத்திக்கிற வழியும் வந்தாச்சு: இழந்த வருமானம் 1,000 டாலருக்குள்ள இருக்கணும், பணம் 180 நாளுக்குள்ள பிளானுக்குப் போயிருக்கணும். முழுசாத் திருத்துற வருஷம் வரைக்கும் 10ஏ-ல 'ஆம்'னுதான் போடணும். இதையெல்லாம் அந்த மெஷின் ஷாப்காரர்கிட்ட விளக்கியிருந்தா ஃபைல் கைவிட்டுப் போயிருக்காதுன்னு நினைக்கிறேன்.

சேலத்துக்காரி, மடிவாளா
பல் டாக்டர் ஒருத்தர் இறந்துட்டார். கிளினிக்கை அவர் மனைவி பார்த்துக்கிட்டாங்க. 5500-னு ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. 5500 அனுப்பலைன்னு அமெரிக்க வருமான வரித் துறை நோட்டீஸ் வந்திருந்தது. அபராதம் ஒரு நாளைக்கு 250 டாலர், உச்சவரம்பு 1,50,000. ராத்திரி கால்ல அதை வாசிக்கும்போதே குரல் உடைஞ்சுது.

தொழிலாளர் துறை நோட்டீஸ் இன்னும் வரலை, அதனால தாமத ஃபைலிங் திட்டத்துல போகலாம், சின்ன பிளானுக்கு ஒரு ஃபைலிங்குக்கு 750-க்கு மேல போகாது, வருமான வரித் துறை அபராதமும் விலகிடும்னு சொன்னேன். "எழுநூத்தி ஐம்பதா, எழுபத்தஞ்சாயிரமா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. எழுத்து எழுத்தாச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டுது.

பீன்யா பாலா
ரிவ்யூவர் சார், 'நம்ம எல்லை'ன்னு சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்லை. என் அக்கா இங்கே ஒரு கார்மென்ட்ஸ்ல தையல் வேலை. சம்பளச் சீட்டுல மாசாமாசம் பிஎஃப் பிடிச்சிருக்கு. பாஸ்புக்கைத் திறந்தா நடுவுல சில மாசம் காலி. அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்டணும்னு சட்டம் இருக்கு. அங்கேயும் ஒரு அக்கவுண்டன்ட் ரெண்டு பட்டியலையும் பக்கத்துல வெச்சுப் பார்த்திருப்பார். என் எல்லை முடிஞ்சுதுன்னு போயிருப்பார். பிஎஃப் ஆபீஸ்ல அக்கா புகார் கொடுத்த பிறகுதான் பாக்கி ஏறுச்சு. ஒஹையோ ஆளுங்களுக்கு யார் புகார் கொடுக்கிறது? நிலா செஞ்சதுதான் சரி.

நிலா, பெல்லந்தூர்
நன்றி பாலா. ரிவ்யூவர் சார், அவர்கிட்ட ஃபோன்லயே எல்லாம் விளக்கினேன், அவருக்குக் கேட்கப் பொறுமை இல்லை. அந்த 180 நாள் எங்கிருந்து ஆரம்பம்?

பழைய ரிவ்யூவர், வைட்ஃபீல்ட்
சம்பளத்துல பிடிச்ச தேதியிலிருந்து.