தும்மினா யூரின் லீக் ஆகுது, 6 வாரமா கெகல் பண்ணியும் குறையல, எங்க தப்பு பண்றேன்?

மழைத்தூறல்:

எல்லாருக்கும் வணக்கம். நேர்ல யார்கிட்டயும் வாய்விட்டுக் கேக்க முடியல, அதான் இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

எனக்கு 33 வயசு. ரெண்டாவது குழந்தை பொறந்து 7 மாசம் ஆகுது, ரெண்டுமே நார்மல் டெலிவரி, ரெண்டாவதுக்குக் கிழிஞ்சு தையல் போட்டாங்க. மொதல் குழந்தைக்கு அப்புறமே சளி பிடிச்சு இருமினா ஒரு சொட்டு ரெண்டு சொட்டு வரும், அத நான் பெருசா எடுத்துக்கல. இப்ப தும்மினா, சிரிச்சா, குழந்தையத் தூக்கிட்டுப் படி ஏறினா, கட்டில்ல இருந்து சட்டுனு எந்திரிச்சாகூட வந்துடுது. பேட் இல்லாம வெளிய போறதே இல்ல. முந்தாநாள் மூத்தவ என் ரெண்டு கையையும் பிடிச்சுகிட்டு "அம்மா குதி குதி"ன்னு கூப்பிட்டா, நான் கால் வலின்னு பொய் சொல்லிட்டு நின்னுட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

டாக்டர்கிட்ட சொன்னேன். புள்ள பெத்தா இதெல்லாம் சகஜம், கெகல் பண்ணுங்க, அதான் கீழ இருக்கற தசைய இறுக்கி விடற பயிற்சின்னு ஒரு வரில முடிச்சுட்டாங்க. எப்படி பண்றதுன்னு யாரும் காட்டல. நானா வீடியோ பாத்து, யூரின் போறப்ப பாதில நிறுத்தி நிறுத்தி விட்டுப் பாக்கறேன், அது போக வேல செய்யறப்ப எல்லாம் இறுக்கி இறுக்கி ஒரு நாளைக்கு 200 கிட்ட பண்றேன். 6 வாரம் ஆச்சு. லீக் குறையல, அதுக்கு மேல அடிவயித்துல ஒரு பிடிப்பு, தாம்பத்தியத்துல வலி, யூரின் போயிட்டு வந்தாலும் முழுசா போகாத மாதிரியே இருக்கு. லீக்குக்குப் பயந்து தண்ணி குடிக்கறதையும் குறைச்சுட்டேன், வெளிய கெளம்பறதுக்கு முன்னாடி வருதோ வரலையோ ரெண்டு தடவ போய் உக்காந்துட்டு வரேன். இன்னும் அதிகமா பண்ணணுமா, இல்ல இது ஆபரேஷன்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

இயன்முறைத் தோழி:

மழைத்தூறல், நான் பிசியோதெரபிஸ்ட், 14 வருஷமா பெண்களோட இடுப்புத்தளப் பிரச்சனைகள மட்டும்தான் பாக்கறேன். மொதல்ல ஒண்ணு, யூரினப் பாதில நிறுத்தற பயிற்சிய இன்னிக்கே விட்டுடுங்க. யூரின் போறப்ப மூத்திரப்பை சுருங்கணும், கீழ இருக்கற தசை தளரணும், அதான் உடம்போட கணக்கு. நீங்க பாதில இறுக்கினா அந்தக் கணக்கு குழம்பிப் போய் பைல மிச்சம் தங்கும், தங்கினா இன்ஃபெக்‌ஷன் வர வாய்ப்பு இருக்கு. இந்தத் தசைதான்னு அடையாளம் தெரிஞ்சுக்கறதுக்கு வாழ்க்கைல ஒருதரம் செஞ்சு பாக்கலாம், பயிற்சியா செய்யவே கூடாது.

சகஜம்னு சொன்னாங்கல்ல, நெறைய பேருக்கு வருதுங்கறது உண்மைதான், அதுக்காக அதோடயே வாழணும்னு அர்த்தம் இல்ல. இது வைத்தியம் இருக்கற பிரச்சனை, அதுவும் பெரும்பாலும் கத்தி இல்லாம.

முன்னாடி இருக்கற அந்தரங்க எலும்புல இருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் ஒரு தூளி கட்டின மாதிரி தசைங்க இருக்கு, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் அது மேலதான் உக்காந்திருக்கு, இதத்தான் இடுப்புத்தளம்னு சொல்றோம். நீங்க தும்மறப்ப மேல இருந்து சட்டுனு ஒரு அழுத்தம் இறங்கும், அதே நொடில தூளி மேல எழும்பி மூத்திரக் குழாய மூடணும். நார்மல் டெலிவரில இந்தத் தசையோட சில பகுதி மூணு மடங்கு வரைக்கும் நீளுது. அப்புறம் அது பலவீனமா இருக்கலாம், நேரத்துக்கு எழும்பாம இருக்கலாம், இல்ல எப்பவும் இறுகியே கெடந்து மேல எழும்ப எடமே இல்லாம இருக்கலாம். மூணுக்கும் லீக் ஆகும். ஆனா மூணுக்கும் ஒரே வைத்தியம் இல்ல, அதனாலதான் கெகல் பண்ணுங்கன்னு வாயால மட்டும் சொல்லி அனுப்பறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

இதையும் தெரிஞ்சுக்கோங்க. ஆர்னால்ட் கெகல்னு ஒரு அமெரிக்க மகளிர் நோய் டாக்டர் 1948ல இந்தப் பயிற்சியப் பத்தி எழுதினார், அவர் பேருதான் இதுக்கு. அவர் யாரையும் சும்மா சொல்லி அனுப்பல. பெரினியோமீட்டர்னு ஒரு அழுத்தமானிய பிறப்புறுப்புக்குள்ள வச்சு, இறுக்கறப்ப முள் ஏறுதா இல்லையான்னு அவங்கவங்க கண்ணாலயே பாக்க வச்சார். நாளடைவுல கருவியும் போச்சு, கூட இருந்து பாக்கறதும் போச்சு, பேரு மட்டும் நின்னுடுச்சு. வெறும் வாய்வார்த்தையா சொன்னா பல பேரு தசைய மேல இழுக்கறதுக்குப் பதிலா கீழ முக்கறாங்க, நான் தெனமும் பாக்கறேன்.

நீங்களே ஓரளவு பாத்துக்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால மடக்கிக்கோங்க, ஒரு கை அடிவயித்து மேல. காத்து பிரியாம அடக்கற மாதிரி ஆசனவாய் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு, முன்பக்கமா, மேல்பக்கமா உள்ள இழுங்க. ஒரு சின்னக் கண்ணாடி பிடிச்சுப் பாத்தீங்கன்னா, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்கற எடம் உள்ள ஒடுங்கணும். வெளிய உப்பினா முக்கறீங்கன்னு அர்த்தம். பிட்டம், தொடை இறுகக் கூடாது, மூச்சு நிக்கக் கூடாது. விடறப்ப அந்த எடம் திரும்பிக் கீழ வந்து தளர்றது தெரியணும், எல்லாரும் கோட்ட விடறது இங்கதான்.

உங்களுக்கு வலியும் பிடிப்பும் யூரின் முழுசா போகாத உணர்வும் இருக்கறதால, தசை இறுகிப் போயிருக்குமோன்னு எனக்கு சந்தேகம். பாக்காம உறுதியா சொல்லக் கூடாது. அதுவரைக்கும் 200 இறுக்கத்தையும் நிறுத்திட்டு மூச்சுப் பயிற்சி மட்டும் பண்ணுங்க, மூச்ச உள்ள இழுக்கறப்ப விலா எலும்பு பக்கவாட்டுல விரியட்டும், வயிறு தளரட்டும், கூடவே கீழ இருக்கற தளமும் இறங்கட்டும், 5 நிமிஷம், காலைலயும் ராத்திரியும். அப்புறம் இடுப்புத்தளம் பாக்கற பிசியோகிட்ட போங்க. உள்பரிசோதனை பண்ணலாம்னு கேப்பாங்க, விரலால தசையோட பலத்தையும் வலிக்கற எடத்தையும் பாப்பாங்க, வேண்டாம்னு சொல்ற உரிமையும் நடுவுல நிறுத்தச் சொல்ற உரிமையும் உங்களுக்கு இருக்கு.

வெறும் பலவீனம்தான்னு தெரிஞ்சா, ஒரு தடவைக்கு 8 இறுக்கம், நாளுக்கு 3 தடவ, குறைஞ்சது 3 மாசம். 3 செகண்ட்ல ஆரம்பிச்சு மெதுவா 10 செகண்ட் வரைக்கும் போகலாம், எவ்ளோ நேரம் இறுக்கறீங்களோ அதே அளவு இல்ல அதுக்கு மேல விடணும். 6 வாரத்துல பலன் முழுசா தெரியாது.

ஒண்ணு மட்டும் அவசரம்: தொடை நடுவுல, பிறப்புறுப்பு பக்கம் மரத்துப் போறது, யூரின் போகவே முடியாம நின்னுடறது, மலம் அடக்க முடியாமப் போறது இதெல்லாம் திடீர்னு வந்தா உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. யூரின்ல ரத்தமோ, எரிச்சலோட காய்ச்சலோ இருந்தா அன்னிக்கே டாக்டரப் பாருங்க.

அந்திமல்லி:

கண்ணு, உன் வயசுல எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, நான் யார்கிட்டயும் சொல்லல. இப்ப எனக்கு 58. மாதவிலக்கு நின்ன ரெண்டு வருஷத்துல ஒரு நாள் குளிக்கறப்ப கை பட்டுது, பிறப்புறுப்பு வாய்க்கிட்ட வழவழன்னு ஒரு உருண்டை. புத்துநோய்னு முடிவே பண்ணிட்டேன். காலைல எந்திரிச்சா இருக்காது, சாயங்காலம் ஆக ஆக எறங்கி வரும், உக்காந்தா பந்து மேல உக்காந்த மாதிரி. அதயும் நாலு வருஷம் மறைச்சேன் பாரு, இப்ப நெனச்சாலும் மனசு ஆறல.

கடைசில பாத்த டாக்டரம்மா நிக்க வச்சு இருமச் சொன்னாங்க, படுக்க வச்சு முக்கச் சொன்னாங்க, பாத்துட்டு இது அடி இறக்கம், மூத்திரப்பை முன்சுவத்த தள்ளிக்கிட்டு கீழ வந்திருக்கு, புத்து இல்லன்னு சொன்னாங்க. அங்கயே அழுதுட்டேன். அவங்க கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, மலம் போறப்ப முக்குவீங்களான்னு. இருபது வருஷமா மலச்சிக்கல்மா எனக்கு, தெனமும் முக்கித்தான் போவேன். டெலிவரியோட போச்சுன்னு நெனச்சிருந்தேன், தெனமும் நானே கீழ தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆபரேஷன் இப்ப வேண்டாம்னு சிலிக்கான்ல வளையம் மாதிரி ஒண்ணு, பெசரின்னு பேரு, அத வச்சு விட்டாங்க. முதல்ல வச்ச சைஸ் நழுவிடுச்சு, ரெண்டாவது சைஸ் பொருந்திச்சு. நானே எடுத்துக் கழுவி திரும்ப வச்சுக்கக் கத்துக்கிட்டேன், உள்ள இருக்கறதே தெரியாது. வறண்டு எரியுதுன்னு உள்ள தடவற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் குடுத்தாங்க, அதுல நல்ல வித்தியாசம், ஆனா மார்புப் புத்துநோய் வந்தவங்க டாக்டரக் கேக்காம தொடக்கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட்ல கால் கீழ ஒரு குட்டி ஸ்டூல் போட்டு, முழங்கால் இடுப்ப விட ஒசரமா இருக்கற மாதிரி, முன்னாடி சாஞ்சு உக்காரச் சொன்னாங்க. வாயத் தொறந்து மூச்ச விட்டுக்கிட்டே போகணும், அடக்கி முக்கக்கூடாது. இந்த ஒண்ணு போதும்மா, சாயங்காலம் அந்த பாரம் பாதி குறைஞ்சுது.

நாளைக்கு யாராச்சும் ஆபரேஷன்னு சொன்னா என்ன ஆபரேஷன், தாங்கிப் பிடிக்க உள்ள வலை (மெஷ்) வைப்பீங்களான்னு கேட்டுட்டு சம்மதி. இறக்கத்துக்கு பிறப்புறுப்பு வழியா வைக்கற வலைய இனிமே விக்கக்கூடாதுன்னு 2019ல எஃப்டிஏ, அதான் அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவியெல்லாம் கண்காணிக்கற அரசு அமைப்பு, கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டுது. லீக்குக்கு வைக்கற பட்டை வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத.

நீலவானம்:

அக்கா, உங்களுக்கு வலின்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எனக்கு 26, குழந்தை எல்லாம் இல்ல, அதனால இந்தப் பிரச்சனை எனக்கு வராதுன்னே நெனச்சேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் யூரின், மாதவிலக்குக்கு உள்ள வைக்கற டாம்பூன்கூட வைக்க முடியாத வலி, டெஸ்ட் எடுத்தா ஒவ்வொரு தடவையும் இன்ஃபெக்‌ஷன் இல்லன்னு வரும். நானும் கெகல் பண்ணி பண்ணி மோசமாக்கிக்கிட்டேன். பிசியோ பாத்தப்பதான் தெரிஞ்சுது, நான் பல்லக் கடிக்கற மாதிரியே நாள் பூரா கீழயும் கடிச்சுகிட்டு இருந்திருக்கேன், டென்ஷனான மீட்டிங்ல உக்காந்திருக்கறப்ப கவனிச்சா தாடை, தோள், வயிறு, கீழ எல்லாமே ஒண்ணா இறுகியிருக்கும்.

அப்புறம் அந்த வருதோ வரலையோ போயிட்டு வர்ற பழக்கம், அத நிறுத்துங்க அக்கா. பைல 100 மில்லி இருக்கறப்பவே போய்ப் போய் அதுக்கு அப்படியே பழகிடும். மூணு நாள் ஒரு நோட்ல எத்தன மணிக்கு, எவ்ளோ மில்லின்னு ஒரு அளவு கப்ல பிடிச்சு எழுதச் சொன்னாங்க எனக்கு, அதப் பாத்துதான் 10 நிமிஷம், அப்புறம் 15 நிமிஷம்னு கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போட்டேன். தண்ணியக் குறைக்காதீங்க, யூரின் அடர்த்தியாகி பைய இன்னும் உறுத்தும், மலமும் கெட்டியாகும். காபி டீ அதிகம்னா அத வேணா குறைச்சுப் பாருங்க.

மழைத்தூறல்:

5 வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க. பிசியோ ஒருத்தங்களப் பாத்தேன். தோழி சொன்னது அப்படியே சரி. அவங்க விரல் வச்சு இறுக்கச் சொன்னாங்க, இறுக்கினேன், விடுங்கன்னாங்க, நான் விட்டுட்டேன்னு சொன்னேன், "இன்னும் விடல"ன்னாங்க. எனக்குத் தெரியவே இல்ல. தையல் போட்ட எடத்துல இடது பக்கம் ஒரு தழும்பு கெட்டியா இருந்துச்சு, அத எப்படி மெதுவா அழுத்தி நீவறதுன்னு காட்டினாங்க. பால் குடுக்கற வரைக்கும் ஈஸ்ட்ரோஜன் கம்மியா இருக்கும், அந்த வறட்சியும் வலிக்கு ஒரு காரணம், அதுக்கு லூப்ரிகன்ட் வச்சுக்கலாம்னு சொன்னாங்க, இத இதுவரைக்கும் யாருமே எனக்கு சொன்னதில்ல.

முதல் 3 வாரம் இறுக்கமே இல்ல, மூச்சும் தளர்த்தறதும் மட்டும். நோட்ல எழுதினப்ப ஒரு நாளைக்கு 14 தடவ போயிருக்கேன், பல தடவ 80 மில்லிதான். இப்ப 8, 9 தடவ. வலி முக்கால்வாசி போச்சு. போன வாரம்தான் இறுக்கறதக் கத்துக் குடுத்து, தும்மல் வர்றப்ப முன்னாடியே மேல இழுத்துக்கணும்னு சொன்னாங்க. நேத்து மூக்கு நமைக்க ஆரம்பிச்சதும் இழுத்துப் பிடிச்சேன், ரெண்டு தும்மல், ஒரு சொட்டுகூட வரல. மூணாவது எதிர்பாக்காம வந்துச்சு, அதுல லேசா வந்துடுச்சு, ஆனா பேட் மாத்தற அளவுக்கு இல்ல.

அந்திமல்லி அம்மா, ஸ்டூல் வாங்கிட்டேன். தோழி, ஒண்ணே ஒண்ணு, பொண்ணு கூட எப்பதான் குதிக்கலாம்?

இயன்முறைத் தோழி:

படிக்கவே சந்தோஷமா இருக்கு. அந்த முன்கூட்டி இழுக்கறது பழகப் பழக தானா வரும், மூணாவது தும்மலுக்கும் வரும். குழந்தையத் தூக்கறப்பவும் அதே மாதிரி, மூச்ச வெளிய விட்டுகிட்டே, இழுத்துகிட்டே தூக்குங்க, அடக்கிட்டுத் தூக்காதீங்க.

குதிக்கறதுக்கு டெலிவரி ஆகி குறைஞ்சது 3 மாசம் போகட்டும்னு சொல்லுவோம், உங்களுக்கு அது தாண்டியாச்சு, ஆனா நாள் கணக்கு மட்டும் பத்தாது. மொதல்ல அரை மணி நேரம் வேகமா நடந்து பாருங்க, கீழ பாரமோ லீக்கோ இல்லன்னா ஒரு கால்ல 10 செகண்ட் நில்லுங்க, அப்புறம் எடத்துலயே மெதுவா ஓடிப் பாருங்க. இதெல்லாம் சரியா வந்தா குதிகால மட்டும் தூக்கித் தூக்கி வைங்க, அடுத்து சின்னதா நாலு குதி. குதிக்கறப்ப பூரா நேரமும் கீழ இறுக்கிப் பிடிக்காதீங்க, தளம் எறங்கி ஏறட்டும். அன்னிக்கு சாயங்காலமோ மறுநாளோ பந்து மாதிரி பாரம், வலி, லீக் இருந்தா ரெண்டு நாள் விட்டு ஒரு படி பின்னாடி போய் ஆரம்பிங்க, உங்க பிசியோகிட்டயும் சொல்லுங்க. பேட் வச்சுகிட்டே முயற்சி பண்ணலாம், அதுல தப்பே இல்ல.