மறு: ‘லீத்தல் ஃபோர்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தற்கொலைக் குண்டுதாரிகள் எனச் சந்தேகிக்கப்படுபவர்கள்மீது காவல்துறை பயன்படுத்தும் ‘லீத்தல் ஃபோர்ஸ்’ (lethal force, உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்குப் பலத்தைச் செலுத்துவது) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த மடல் இழையில் இதுவரை வந்தவை: உயிர்பறிக்கும் பலம், மரண விசை, கொல்பலம், என்கவுன்டர்.

கடைசிச் சொல்லை முதலில் விலக்கிவிடலாம். என்கவுன்டர் என்றாலே இரு தரப்பும் மோதிக்கொண்டதாக நம் நாளேடுகள் எழுதிப் பழக்கிவிட்டன. 2005 ஜூலை 22 அன்று லண்டன் ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்தில் மோதலே நடக்கவில்லை. ஜான் சார்லஸ் டி மெனெசெஸ், பிரேசில்காரர், 27 வயது எலக்ட்ரீஷியன். ரயில் பெட்டியில் இருந்தவரின் தலையில் காவலர்கள் ஏழு குண்டுகளைச் செலுத்தினார்கள். முந்தைய நாள் ரயில்களில் குண்டு வெடிக்க முயன்று தோற்றவர்களில் ஒருவர் என்று நினைத்துவிட்டார்கள். தேடப்பட்டவரோடு தொடர்புடைய அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அவர் வெளியே வந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

‘சுட்டுப்பிடித்தல்’ போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போதாது. காலில் சுட்டு ஆளை உயிரோடு பிடிப்பது அது. லண்டன் காவல்துறை ‘கிராட்டோஸ்’ என்ற பெயரில் வைத்திருந்த உத்தி இதற்கு நேர்மாறு. மார்பில் சுட்டால் உடம்பில் கட்டிய குண்டு வெடிக்கலாம், காயம்பட்டவர் விசையை அழுத்திவிடலாம். ஆகவே தலையில் சுடு, எச்சரிக்காமலும் சுடலாம் என்பது அதன் கணக்கு. இஸ்ரேல், இலங்கை அதிகாரிகளிடமும் கேட்டறிந்து வகுத்த உத்தி அது. ‘கண்டதும் சுட உத்தரவு’ ஊரடங்குக்கானது, அதுவும் வேறு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘விசை’ இயற்பியலுக்குப் போய்விட்டது. பலம் ஒருவரிடம் இருப்பது: ஆள்பலம், பணபலம். பிறர்மேல் செலுத்துவதைச் சொல்ல ‘வலு’ பொருந்தும், வலுக்கட்டாயம் என்கிறோமே. எனவே என் பரிந்துரை: கொல்வலு.

‘கொல்’ என்றால் கட்டாயம் செத்துவிடுவார் என்று ஆகாதா, மூலச்சொல்லில் ‘சாகக்கூடும்’ என்பதுதானே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் வினைத்தொகையின் அழகே அதுதான். கொல்களிறு கட்டுத்தறியில் சும்மா நின்றாலும் கொல்களிறுதான். கொல்லும் இயல்பைச் சொல்கிறோம், கொன்று முடித்ததை அல்ல.

கொல்ல வேண்டும் என்றே சுடுவதற்கு இன்னொரு சொல் தனியாக வேண்டும். 1990இல் ஹவானாவில் ஐ.நா. மாநாடு ஏற்ற காவல்துறை நெறிமுறைகளில் இந்த வேறுபாடு இருக்கிறது: உயிர்காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் கொல்லும் எண்ணத்தோடு துப்பாக்கியைப் பயன்படுத்தலாம். இதற்குக் ‘கொல்நோக்குச் சூடு’ என்கிறேன். ‘கொலைநோக்கு’ வேண்டாம், கொலை என்றதும் குற்றம் என்ற முடிவு உள்ளே வந்துவிடுகிறது. மெனெசெஸ் சாவு குறித்த 2008 மரண விசாரணையில், சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார் என்ற முடிவை எடுக்கவே ஜூரிக்கு அனுமதி தரவில்லை. ‘ஆயுதக் காவலர்’ என்று குரல் கொடுத்ததாகச் சுட்டவர் சொன்னதை அந்த ஜூரி ஏற்கவில்லை. எந்தத் தனி அதிகாரி மீதும் வழக்கு வரவில்லை. பொதுமக்கள் பாதுகாப்பில் தவறியதாகக் காவல்துறைக்கு 1,75,000 பவுண்டு அபராதம் மட்டும். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. ஆனாலும் அந்தக் கோபத்தைக் கலைச்சொல்லுக்குள் திணிக்க மாட்டேன், கட்டுரையில் வெளிப்படையாக எழுதுவேன்.

அப்புறம், யாருமே தொடாத ஒன்று: ‘சந்தேகிக்கப்படும்’. இழையின் தொடக்கக் கேள்வியில் இருந்த அது மூன்றாவது மடலில் காணாமல்போய், ‘தற்கொலைக் குண்டுதாரிகள்மீது’ என்று ஆகிவிட்டது. ஸ்டாக்வெல்லிலும் இதுதான் நடந்தது. பின்தொடர்ந்த காவலர்களுக்குத் தேடும் ஆள் அவர்தான் என்ற உறுதி இல்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் போய்ச் சேரும்போது சந்தேகம் உதிர்ந்து, உறுதி மட்டும் மிஞ்சியது. கிராட்டோஸ் முறையில் சுட அனுமதிக்கும் குறிச்சொல் அன்று கொடுக்கப்படவே இல்லை. ரயிலில் ஏறவிடாமல் ‘நிறுத்துங்கள்’ என்பதுதான் மேலிடத்து உத்தரவு.

ஆகவே பதிவில் ‘குண்டுதாரியெனச் சந்தேகிக்கப்படுபவர்’ என்று முழுசாக இருக்கட்டும். ‘மனித வெடிகுண்டு’ வேண்டாம், அதில் ஆளே மறைந்துபோகிறார். நீளம் என்று தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பாடநூல்களில் ‘வலு’ இயற்பியல் சொல்லாயிற்றே, ‘கொல்வலு’ காதில் இடறுகிறதா?