54 எம்எம் பொம்மை சோல்ஜர வெச்சு 1758 முற்றுகை ஆட முடியுமா?

கல்மண்டபம்_பையன்:
வணக்கம் மக்களே. காசி செட்டி தெருல பச்சை கலர் பிளாஸ்டிக் சோல்ஜர் பாக்கெட் பாக்கெட்டா வாங்கி வெச்சிருக்கேன், நிக்கிறவன் 54 எம்எம் உசரம். ஆசை இன்னான்னா 1758 டிசம்பர்ல பிரெஞ்சு தளபதி லாலி படையோட வந்து இங்கிலீஷ்காரன் கைல இருந்த சென்னை ஜார்ஜ் கோட்டைய முற்றுகை போட்டான்ல, அத டேபிள்ல ஆடணும், நம்ம ஏரியா பக்கத்துலயே நடந்த சண்டைய விட்டுட்டு வாட்டர்லூ ஆடறதுக்கு மனசு வரல. ஆனா இடம் கம்மி, ரெண்டு கேரம் போர்டு சேர்த்துப் போட்ட அளவு தான் டேபிள், அதுவும் மொட்டை மாடில. நெட்ல இருக்கிற ரூல் எல்லாம் 28 எம்எம் பொம்மைக்கு, தூரத்த மட்டும் டபுள் பண்ணிட்டா போதுமா? அப்புறம் இவனுங்க எல்லாம் ரெண்டாம் உலகப்போர் ஹெல்மெட் போட்டிருக்கானுங்க, 1758க்கு எப்டி கொண்டு வர்றது?

பழைய_பீரங்கி:
டபுள் பண்ணா டேபிள் பத்தாது தம்பி. 54 எம்எம்னா நிஜ ஆளோட உசரத்துல சுமாரா 32ல ஒரு பங்கு. நூறு கஜம் சுடற துப்பாக்கிய அதே கணக்குல போட்டா ஒன்பது அடிக்கு மேல போவும், உன் டேபிளே அஞ்சு அடி. அதனால பொம்மை சைஸுக்கும் தரை அளவுக்கும் சம்பந்தம் இல்லன்னு முதல்லயே ஒத்துக்கணும், சின்ன பொம்மை ஆடறவங்களும் அத தான் பண்றாங்க, என்ன, அங்க கண்ணுக்கு தெரியாது. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913ல பொம்மை சோல்ஜர் ஆட்டத்துக்கு எழுதின விதில காலாட்படை ஒரு தடவைக்கு ஒரு அடி, குதிரை ரெண்டு அடி, பீரங்கிக்கு டைஸே கிடையாது, ஸ்பிரிங் பீரங்கில மரக்குச்சி போட்டு சுட்டு விழுந்தவன் செத்தவன், ஆனா அது ஹால் தரை முழுக்க பரப்பி ஆடறது. உனக்கு நடக்கிற தூரம் ஆறு இன்ச், சுடற தூரம் பதினெட்டு இன்ச் போதும்.

முழு முற்றுகைய விடு. ரெண்டு மாசம் குழி வெட்டி குண்டு போட்ட கதை, டேபிள்ல தூக்கம் வரும். டிசம்பர் 14 ஒரு நாள எடு. பிரெஞ்சுக்காரன் அப்ப தான் கருப்பர் பட்டணத்துக்குள்ள, அதான் இப்ப ஜார்ஜ் டவுன் இருக்கிற பக்கம், நுழைஞ்சு கிடைச்ச சாராயத்த எல்லாம் குடிச்சிட்டு கிடக்கான், அந்த நேரம் பார்த்து இங்கிலீஷ் கர்னல் டிரேப்பர் கோட்டைலேர்ந்து ஐநூறு அறுநூறு பேரோட வெளிய வந்து தெருவுக்குள்ள பாஞ்சான். கடைசில பின்வாங்க வேண்டியதாச்சு, ஆனா கோம்த் தெஸ்தேன்ங்கிற பெரிய பிரெஞ்சு அதிகாரிய பிடிச்சிட்டு போய்ட்டாங்க. ரெண்டு தெரு, ஒரு முக்கு, பக்கத்துக்கு இருபது பொம்மை. பெரிய பொம்மைக்கு இந்த மாதிரி சண்டை தான் லாயக்கு.

எம்சீல்_மணி:
நீட்டு துப்பாக்கி வெச்சிருக்கிறவன மட்டும் பொறுக்குங்க, மெஷின்கன் ஆளுங்கள ஓரங்கட்டுங்க. அப்போ வெள்ளைக்காரன் போட்ட மூணு முனை தொப்பி பண்றது கஷ்டம் ப்ரோ, அதனால பாதி பேர சிப்பாய், அதாவது அவங்க படைல இருந்த நம்ம நாட்டு ஆளுங்க, ஆக்கிடுங்க, ரெண்டு பக்கமும் சிப்பாய் இருந்தானுங்க. ஹெல்மெட் விளிம்ப பிளேடால சீவிட்டு எம்சீல நூல் மாதிரி உருட்டி சுத்தினா தலைப்பாகை ரெடி. வளைஞ்ச துப்பாக்கிய சுடுதண்ணில முக்கி நிமித்தி உடனே ஐஸ் தண்ணில போடுங்க. பெயின்ட் தான் தலைவலி, இது வழவழ பிளாஸ்டிக், விம் போட்டு கழுவிட்டு பிளாஸ்டிக் பிரைமர் ஸ்பிரே அடிக்காம விட்டா விரல் பட்ட இடமெல்லாம் உரியும். ஃபெவிக்விக்கும் சரியா பிடிக்காது, அடித்தட்டுல சின்ன ஆணி அடிச்சு பிளைவுட் துண்டோட சேர்த்துடுங்க, இல்லனா சாயங்காலம் கடல் காத்துல டைஸ் உருட்டாமலே பட்டாளம் சாயும்.

தண்டையார்பேட்டை_தாத்தா:
பழைய பொருள் கடைல ஈய சோல்ஜர் கிடைச்சா வாங்கலாம், ஆனா ஷோகேஸ்ல வைங்க, வாய்ல வைக்கிற வயசு பசங்க கைல குடுக்காதீங்க.

கல்மண்டபம்_பையன்:
சூப்பர் அண்ணா, தெரு சண்டையே ஆடறேன். குடிச்ச பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு ரூல் யோசிச்சேன், ஒவ்வொரு தடவையும் டைஸ் போட்டு ஒண்ணு ரெண்டு விழுந்தா அந்த ஆள் நகரக்கூடாது. மருதநாயகத்தையும் இதுல கொண்டு வரலாமா?

பழைய_பீரங்கி:
மருதநாயகம், அதான் யூசுப் கான், அன்னிக்கு தெருல இல்லப்பா, வெளிய இருந்து பிரெஞ்சுக்காரன் முதுகுல குத்திட்டு இருந்தவர், 1759 பிப்ரவரில பரங்கிமலைல ஒரு சண்டை இருக்கு, அவர அதுக்கு எடுத்து வை. போதை ரூல் நல்லா இருக்கு, ஆனா முதல் மூணு சுத்துக்கு மட்டும் வை, கடைசி வரைக்கும் வெச்சா பிரெஞ்சு ஆடறவன் பாதில எழுந்து போய்டுவான்.