கலைக்கூடம் வரட்டும், பூங்கா இடத்தில் வேண்டாம்

அண்ணாச்சிமார், மதினிமார் எல்லாருக்கும் வணக்கம்.

பிளாட் போடுகிறவர் நம்மூருக்குக் கலைக்கூடம் கட்டித் தருகிறார் என்றதும் இங்கே நம்ம ஊர்ச் சங்கத்தில் ஷார்ஜா அண்ணாச்சி 'ஆயிரம் இருந்தாலும் நம்ம ஊர்ப் பய, மனசு வந்து செய்யுதான்' என்று எழுதியிருந்தார்கள். சரி, செய்யட்டும். பத்தமடைப் பாயையும் காருகுறிச்சி மண்பாண்டத்தையும் வைத்துக் காட்ட இந்தப் பக்கம் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு.

பாவக் காசில் வருகிற கொடையை வாங்கக்கூடாது என்று லண்டன் சித்தப்பா, அமெரிக்காவில் மருந்துக் கம்பெனி வைத்திருந்த சாக்லர் குடும்பத்துக் கதையை எடுத்து வந்தார்கள். போதைக்கு அடிமையாக்கும் வலி மாத்திரை விற்ற காசு என்று 2019-இல் அங்கே நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி அவர்களுடைய 10 லட்சம் பவுண்டு நன்கொடையை வேண்டாம் என்று விட்டதும், அதே வருஷம் பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் அந்தப் பெயரைச் சுவரிலிருந்து எடுத்ததும் உண்மைதான். ஆனால் நம்ம ஆள் விற்பது வயலை. அதில் நாமும்தானே ஆளுக்கு ரெண்டு பிளாட் வாங்கிப் போட்டிருக்கிறோம், பிறகு அவர் காசை மட்டும் பாவக் காசு என்று எந்த வாயால் சொல்ல?

என் சந்தேகம் காசில் இல்லை, இடத்தில். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் என்று ஒதுக்கிப் பஞ்சாயத்துக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அது சட்டம், தர்மம் இல்லை. இப்போது கலைக்கூடத்துக்கு என்று அவர் காட்டுகிற மூலை அந்த 10 சதவீதத்துக்குள் வருகிறதா இல்லையா? வந்தால், நம்ம பிள்ளைகள் விளையாட வேண்டிய நிலத்தில் கட்டடத்தை எழுப்பி நமக்கே தானம் என்கிறார், மிச்ச மனைகளுக்கும் அதைச் சொல்லியே விலை ஏற்றுவார். இல்லை, அவர் விற்கக்கூடிய மனையில் ரெண்டை விட்டுக் கொடுக்கிறார் என்றால் நானே முதல் ஆளாய் மாலை போடுகிறேன்.

அப்புறம், கட்டுகிற செலவு ஒரு தடவையோடு போகும், பராமரிப்பு அப்படியில்லை. கோரையை ஊறப்போட்டு, மயிர் மாதிரிக் கீறி, பெண்ணு மாப்பிள்ளை பெயரை ஓரத்தில் வைத்து நெய்த கல்யாணப் பாய் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. போன தடவை விரித்துப் பார்த்தால் மாப்பிள்ளை பெயரில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. வீட்டுப் பாய்க்கே இந்த கதி. வாட்ச்மேன் சம்பளம், கரண்டு பில், ஏசி, பூச்சி மருந்து எல்லாத்துக்கும் பேங்கில் ஒரு தொகையை டெபாசிட்டாகப் போட்டு, வட்டி பஞ்சாயத்துக்கு வருகிற மாதிரி அவர் எழுதித் தரட்டும். வாசலில் அவர் பெயரைப் பொறித்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே எதை வைக்கலாம் என்று தீர்மானிக்கிற குழுவில் மட்டும் அவர் ஆட்கள் வேண்டாம், நெய்கிறவர்களும் பானை வனைகிறவர்களும் இருக்கட்டும்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாராவது பஞ்சாயத்து ஆபீசில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வரைபடத்தையும் தானப்பத்திர நகலையும் கேட்டு வாங்கி இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் சங்கத்தின் பெயரில் ஆதரவுக் கடிதம் போகக்கூடாது.