ஊரடங்கு முடிந்தும் வெளியே வர மறுக்கும் அப்பா: நோயா, மனமா?

கேள்வி:
என் தந்தைக்கு 72 வயது. 2015 முதல் பார்கின்சன் எனப்படும் நடுக்குவாதம் இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கும் வரை, நாள்தோறும் விடியற்காலையில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நண்பர்களோடு நடந்துவிட்டு, நாளிதழ் வாங்கிக்கொண்டு துணையின்றியே வீடு திரும்புவார். நடைப்பயிற்சி நின்ற இரண்டே மாதங்களில் பேச்சு குறைந்தது, நடுக்கம் கூடியது, தூக்கம் கெட்டது. கட்டுப்பாடுகள் நீங்கி ஆண்டுகள் கடந்த பின்னும் வாசற்படியைத் தாண்ட மறுக்கிறார். "நான் போய் என்ன ஆகப்போகிறது?" என்கிறார். இது நோய் முற்றியதன் அறிகுறியா, அந்த மாதங்கள் மனத்தில் ஏற்படுத்திய பாதிப்பா?

மறுமொழி 1:
நரம்பியல் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். இந்நோயில் இவ்விரண்டையும் தனித்தனியே பிரிப்பது கடினம். மூளையில் குறைந்துபோகும் டோபமின் என்ற வேதிப்பொருள் கை கால் அசைவுக்கு மட்டுமன்றி, எதிர்பாராத மாற்றத்துக்கு ஏற்ப மனத்தைப் பழக்கிக்கொள்வதற்கும் தேவைப்படுகிறது. ஆகவே, எல்லோருக்கும் கடினமாக இருந்த ஊரடங்கு இவர்களுக்குக் கூடுதல் சுமையாகும் என்று நெதர்லாந்தின் நரம்பியல் மருத்துவர்கள் ஹெல்மிக், புளூம் இருவரும் 2020-இலேயே எழுதினார்கள். மன அழுத்தம் மிகும்போது நடுக்கத்தை அடக்கும் லெவோடோபா மாத்திரையின் பலனும் குறைகிறது. மாத்திரை அதேதான், நடுக்கம் மட்டும் கூடுகிறது.

உங்கள் தந்தையின் பேச்சில் மனச்சோர்வு இருக்கலாம். வருத்தம் ஏதுமின்றி ஆர்வம் மட்டும் வற்றிப்போகும் நிலையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அணுகுமுறை வேறு என்பதால், அடுத்த முறை மருத்துவரிடம் நடுக்கத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். தயவுசெய்து அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லாதீர்கள்.

மறுமொழி 2:
எனக்கும் இதே நோய்தான், 11 ஆண்டுகளாக. மாத்திரையின் வீரியம் இறங்கும் வேளையில் காரணமே இல்லாமல் பதற்றம் வரும். ஊரடங்கின்போது அந்தப் பதற்றத்தோடு, மாத்திரை கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட என் குரல் முகக்கவசத்துக்குள் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு முறை கேட்டவர்கள் மூன்றாம் முறை கேட்கவில்லை. நானும் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். உங்கள் தந்தையிடம் விழுந்துவிடும் பயம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அதை நாங்கள் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

மறுமொழி 3:
என் கணவருக்கும் இப்படித்தான் இருந்தது. காணொளி வழியாகப் பார்த்த மருத்துவருக்கு நடுக்கம் தெரிந்தது, தசை விறைப்பைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. கணவர் அழுததை நானும் மருத்துவரிடம் சொல்லவில்லை. பின்னர் இயன்முறை மருத்துவரின் யோசனைப்படி, மாத்திரை நன்கு வேலை செய்யும் நேரத்தைக் குறித்துவைத்து, முதல் வாரம் வாசல்வரை, அடுத்த வாரம் தெருமுனைவரை என்று நடந்தோம். நான் அழைத்தபோதெல்லாம் மறுத்தவர், பழைய நண்பர் ஒருவர் வாசலில் வந்து நின்றதும் செருப்பைத் தேடினார்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. விழும் பயத்தைப் பற்றி இன்று கேட்டேன். 2020 ஜூனில் குளியலறையில் ஒருமுறை விழுந்ததாகவும், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் தொற்றிக்கொள்ளுமோ என்று அஞ்சி எங்களிடம் மறைத்ததாகவும் சொன்னார்.