டெனல் நிறுவனத்துக்கு இன்னும் பணம் கொடுக்க வேண்டுமா?

மாறன்:
2022 அக்டோபரில் தென்னாப்பிரிக்க அரசு தன் ஆயுத நிறுவனமான டெனலுக்கு 340 கோடி ராண்ட் ஒதுக்கியது. அரசு இப்படித் தூக்கிவிடுவது அது முதல் முறையும் அல்ல. வேலை தேடுவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை கிடைக்காத நாடு அது. மின்வெட்டால் தொழில்கள் முடங்கிக் கிடந்த காலமும் அதுதான். டெனலின் ரூயிவால்க் போர் ஹெலிகாப்டருக்கு எத்தனை ஆண்டு உழைப்பு! கடைசியில் சொந்த விமானப்படைக்கு 12 செய்தார்கள். வெளிநாடு எதுவும் வாங்கவில்லை. விற்றுவிட வேண்டும், வாங்க ஆள் இல்லையென்றால் மூட வேண்டும்.

கயல்விழி:
மாறன் அவர்களே, அந்த 12-ஐ வைத்து மட்டும் கணக்கு முடிக்காதீர்கள். 2013-இல் காங்கோவில் எம்23 கிளர்ச்சிப் படையைத் தாக்க ஐ.நா. படைக்குக் கைகொடுத்தவை அவைதான். டெனலின் உம்கொன்டோ ஏவுகணையைப் பின்லாந்துக் கடற்படை வாங்கியது. திறமை இல்லாத நிறுவனத்திடம் பின்லாந்து போகுமா?

டெனலைக் கவிழ்த்தவர்கள் பொறியாளர்கள் அல்லர். 2015-இல் வந்த புதிய இயக்குநர் குழு தலைமை நிர்வாகியைப் பணியிடை நீக்கம் செய்தது. அடுத்த ஆண்டே, அப்போதைய அதிபர் சுமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தோடு தொடர்புடைய வி.ஆர். லேசர் ஏசியாவுடன் கூட்டு நிறுவனம் தொடங்க முயன்றது. அரசு ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையம் இதையெல்லாம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. தண்டனை யாருக்குக் கிடைத்தது? 2020-இல் முழுச் சம்பளம் கிடைக்காமல் தொழிலாளர்கள் தவித்தார்கள். உழைத்த கூலிக்காகத் தொழிற்சங்கங்கள் நீதிமன்றப் படியேறி ஆகஸ்டில் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

மாறன்:
தொழிலாளர் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த இயக்குநர் குழுவை நியமித்தது யார்? அரசு. அரசின் உடைமை என்பதால்தான் அப்படி ஆட்களை உட்கார வைக்க முடிந்தது. குப்தாக்களுக்கு வெகுகாலம் முன்பே, 2005-இல், துப்பாக்கி பேரத்தில் கையூட்டுப் புகார் எழுந்து இந்தியா டெனலைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது.

எழிலரசு:
விற்றால் சரியாகிவிடும் என்கிறீர்கள். வெடிமருந்துப் பிரிவில் அது நடந்தாயிற்று. 2008-இல் ஜெர்மனியின் ரைன்மெட்டல் 51 விழுக்காடு பங்கு வாங்கியது. அந்தக் கூட்டு நிறுவனத்தின் துணையோடு சவூதியின் அல்-கர்ஜில் குண்டுத் தொழிற்சாலை எழுந்தது. 2016-இல் திறப்பு விழாவுக்கு அதிபர் சுமாவே போனார். அப்போது ஏமனில் சவூதி குண்டு வீசிக்கொண்டிருந்தது. 2018 செப்டம்பரில் கேப் டவுன் அருகே மக்காசரில் அதே நிறுவனத்தின் ஆலை வெடித்து 8 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

நீங்கள் இருவரும் தொடாத விஷயம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்க ஆயுதம் வேறு கைக்கு மாறவில்லை என்று நேரில் வந்து சோதிக்க வாங்குபவர் அனுமதிக்க வேண்டும் என்று அந்நாட்டு விதி சொன்னது. சவூதியும் அமீரகமும் மறுத்தன, ஏற்றுமதி தேங்கியது. 2020-இல் விதியையே தளர்த்திவிட்டார்கள். ஏற்றுமதியை நம்பிப் பிழைக்கும் ஆயுதத் தொழில் சட்டத்தை வளைக்காமல் விடாது. அரசுடையதா தனியாருடையதா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

கயல்விழி:
எழிலரசு ஐயா, விதியைத் தளர்த்தியது வெட்கக்கேடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசு நிறுவனம் என்றால் நாடாளுமன்றக் குழு அதிகாரிகளை வரவழைத்துக் கேள்வி கேட்கலாம். வெளிநாட்டு முதலாளியை அப்படிக் கூப்பிட்டு நிறுத்த முடியுமா?

மாறன்:
கேள்வி கேட்டார்கள், அதற்குப் பிறகும் பணம் போனதே! சரி, இப்படிச் சொல்கிறேன்: ஏவுகணை வடிவமைப்பையும் விமானப் பராமரிப்பையும் அரசு வைத்துக்கொள்ளட்டும். மற்ற பிரிவுகளை விற்று, சம்பளப் பாக்கி ஏதும் இருந்தால் வரும் பணத்தில் முதலில் அதைத் தீர்க்கட்டும்.

கயல்விழி:
ஜி5, ஜி6 பீரங்கிகள் அந்த "மற்ற பிரிவுகளில்" செய்தவைதானே? ராணுவம் இன்றும் அவற்றை வைத்திருக்கிறது. டெனல் தள்ளாடியபோது பராமரிப்பு இல்லாமல் விமானப்படையின் ஓரிக்ஸ் ஹெலிகாப்டர்கள் பல தரையில் நின்றன. நாளை பீரங்கிகளுக்கு அதே நிலை வந்தால், உதிரி பாகத்துக்கு யாரிடம் போவார்கள்? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.